அரைப் பென்னி ஆசாமி

குவிஸ் நிகழ்ச்சி எதற்காவது போனால் உபயோகப்படும், குறித்துக்கொள்ளுங்கள். சுதந்திர நாடான பிறகு அயர்லாந்து வாங்கிய முதல் ஒலிம்பிக் மெடல் எது? 1924, பாரீஸ், வெள்ளி. எதற்குக் கிடைத்தது? ‘நீச்சல்’ என்று சொன்னால் உங்களுக்குப் பாதி மார்க். ஏனென்றால் மெடல் வாங்கியவர் தண்ணீரில் இறங்கவே இல்லை. அப்போது அவருக்கு வயது 52. மற்றவர்கள் நீந்துவதைக் கரையில் நின்று பார்த்து ஒரு படம் வரைந்தார். அந்தப் படத்துக்குத்தான் மெடல்.

கதை விடவில்லை, நிஜம். 1912-லிருந்து 1948 வரை ஒலிம்பிக்கில் ஓவியம், சிற்பம், இலக்கியம், இசை, கட்டடக்கலை ஆகியவற்றுக்கும் போட்டி இருந்தது. ஓடுகிறவனுக்கும் தாண்டுகிறவனுக்கும் கொடுக்கிற மாதிரியே மெடலும் உண்டு. ஒரே கண்டிஷன், சப்ஜெக்ட் விளையாட்டாக இருக்க வேண்டும். பிற்பாடு அந்த மெடல்களையெல்லாம் அதிகாரபூர்வ கணக்கிலிருந்து தள்ளிவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

படத்தின் பெயர் ‘லிஃபி நீச்சல்’. டப்ளின் நகரத்தைப் பிளந்துகொண்டு ஓடுகிற லிஃபி நதியில், 1920-லிருந்து நடக்கிற பந்தயம் அது. வரைந்தவர் ஜாக் பட்லர் யேட்ஸ்.

யேட்ஸ் என்றதும் இங்கிலீஷ் லிட்டரேச்சர் படித்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். நான் பி.காம். ‘கீதாஞ்சலி’க்கு முன்னுரை எழுதிய கவிஞர் என்ற அளவில்தான் யேட்ஸ் எனக்குப் பழக்கம். ஆனால் அவர் வேறு. அவர் அண்ணன், வில்லியம். 1923-ல் அண்ணனுக்கு நோபல் பரிசு. அடுத்த வருஷம் தம்பிக்கு ஒலிம்பிக் வெள்ளி. சொந்தக்காரர்கள் வயிறு என்ன எரிந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

நான் சொல்ல வந்தது நோபலும் இல்லை, மெடலும் இல்லை. இந்த ஜாக், அதற்கு முப்பது வருஷம் முன்னால் லண்டனில் அரைப் பென்னி காமிக்ஸ் பத்திரிகைகளுக்குப் படம் போட்டுப் பிழைத்தவர். சும்மா ஒரு வருஷம், ரெண்டு வருஷம் இல்லை. 1893-ல் ஆரம்பித்து 1917 வரை. கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு.

முதலில் வீட்டு நிலவரத்தைப் பார்த்துவிடலாம். கணக்குப் படித்தவன் அங்கேதான் ஆரம்பிப்பான்.

அப்பா ஜான் பட்லர் யேட்ஸ். வக்கீலுக்குப் படித்துவிட்டு, ‘எனக்கு ஓவியம்தான்’ என்று 1867-ல் குடும்பத்தை லண்டனுக்குக் கூட்டிப் போனவர். பிரமாதமான கை. ஒரே பிரச்னை, மனுஷனுக்கு எடுத்த படத்தை முடிக்க வராது. இன்றைக்கு வரைந்ததை நாளைக்குச் சுரண்டிவிட்டு மறுபடி ஆரம்பிப்பார். முடித்தால்தானே காசு கேட்க முடியும்? 1907 கடைசியில் சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்கிற தோரணையில் நியூயார்க் போனவர் திரும்பி வரவே இல்லை. அங்கே ஜான் க்வின் என்ற வக்கீல், 1911-ல், ‘உங்களை நீங்களே வரைந்து கொடுங்கள்’ என்று ஆர்டர் கொடுத்தார். 1922-ல் பெரியவர் காலமானார். அப்போதும் அந்தப் படம் முடிந்திருக்கவில்லை. பதினோரு வருஷம், ஒரு படம்!

அம்மா சூசன். அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஸ்லைகோ என்று ஒரு துறைமுக ஊர். அங்கே கப்பலும் மாவு மில்லும் வைத்திருந்த வசதியான குடும்பத்துப் பெண். வசதியான இடத்துப் பெண் முடிவே பெறாத ஓவியங்களுக்கு வாழ்க்கைப்பட்டால் என்ன ஆகும்? 1887-ல் பக்கவாதம். 1900-ல் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பிள்ளைகள் நாலு பேர். மூத்தவர் வில்லியம், கவிதை. கவிதையில் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். அடுத்தவர் லில்லி, லண்டனில் வில்லியம் மாரிஸின் மகள் நடத்திய எம்ப்ராய்டரி கூடத்துக்கு வேலைக்குப் போனார். அதற்கடுத்து லாலி, குழந்தைகளுக்கு பிரஷ் பிடிக்கக் கற்றுக்கொடுத்து சம்பாதித்தார். கடைக்குட்டிதான் ஜாக். பிறந்தது 1871-ல், லண்டனில். எட்டு வயசிலிருந்து பதினாறு வயசு வரை வளர்ந்தது ஸ்லைகோவில், தாத்தா பாட்டி வீட்டில். பள்ளிக்கூடத்தில் கடைசி ராங்க். பாட்டி கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. பையனுக்கு இளகின மனசு, மற்ற பிள்ளைகளை முந்திக்கொண்டு போக மனசு வரவில்லை என்று சொல்லிவிட்டாராம். பாட்டிகள் எல்லா தேசத்திலும் பாட்டிகள்தான்.

பையன் பாடம் படிக்கவில்லையே தவிர, ஊரைப் படித்தான். துறைமுகத்தில் மாலுமிகள், சந்தையில் மாட்டுத் தரகர்கள், குதிரைப் பந்தயம், ஊர் ஊராகப் போகிற சர்க்கஸ், திண்ணைப் பேச்சில் கடற்கொள்ளைக்காரர்கள். எண்பது வயசு வரைக்கும் அவர் வரைந்ததெல்லாம் இந்த எட்டு வருஷத்துச் சரக்குதான். தான் வரைந்த எந்தப் படத்திலும் ஸ்லைகோவின் நினைப்பு இல்லாமல் போனதில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார்.

1887-ல் லண்டனுக்குத் திரும்பி ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். அடுத்த வருஷமே முதல் படம் பிரசுரமாகிவிட்டது. எந்தப் பத்திரிகையில் தெரியுமா? ‘தி வெஜிடேரியன்’. பெயர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? லண்டனில் பாரிஸ்டர் படிப்பு படித்துக்கொண்டிருந்த எம்.கே.காந்தி என்ற குஜராத்திப் பையன், 1891-ல் தன் முதல் கட்டுரைகளை எழுதிய அதே பத்திரிகைதான்.

அப்போது லண்டனில் ஒரு பெரிய கலாட்டா நடந்துகொண்டிருந்தது. 1890 மே மாதம், ஆல்ஃப்ரெட் ஹார்ம்ஸ்வொர்த் என்ற இருபத்து நாலு வயசு ஆசாமி ‘காமிக் கட்ஸ்’ என்று ஒரு வாரப் பத்திரிகை ஆரம்பித்தார். இவரும் டப்ளின் பக்கம் பிறந்தவர்தான். மற்ற சிரிப்புப் பத்திரிகைகள் ஒரு பென்னி. இவர் போட்ட விலை அரைப் பென்னி. அந்தக் காலத்துக் கணக்கில் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. அதாவது ஒரு பவுண்டுக்கு 480 காமிக் கட்ஸ் வாங்கலாம். மட்டமான பேப்பர், கைக்கு ஒட்டுகிற மை, லட்சக்கணக்கில் விற்பனை. ஹோட்டல் எச்சில் தட்டு கழுவுகிற பையனும் வாங்கலாம் என்கிற விலை. வாங்கினான். அந்த அரைப் பென்னிகள் சேர்ந்துதான் 1896-ல் ‘டெய்லி மெயில்’ ஆரம்பிக்கிற தெம்பை ஹார்ம்ஸ்வொர்த்துக்குக் கொடுத்தன. நாளைக்கு யாராவது காமிக்ஸைப் பார்த்து மூக்கைச் சுளித்தால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

ஜாக் இங்கே வந்து சேர்ந்தார். முதலில் ஒற்றைப் பட ஜோக்குகள். பிறகு படக்கதைகள். அதில் ஹிட்டானவர் சப்லாக் ஹோம்ஸ்.

ஷெர்லக்கைத்தான் அப்படிக் கேலி செய்திருக்கிறார். ‘சப்’ என்பது பிரிட்டனில் பிரபலமான பூட்டுக் கம்பெனி. நம் பாஷையில் சொல்ல வேண்டுமானால் ‘திண்டுக்கல் பூட்டு ஹோம்ஸ்’! கூடவே ஒரு துப்பறியும் நாய். அதன் பெயர் ஷர்க். வேலைக்கு டிமிக்கி கொடுப்பது என்று அர்த்தம். கானன் டாயில் 1893 டிசம்பரில் ஒரிஜினல் ஹோம்ஸை அருவியில் தள்ளிக் கொன்றுவிட்டார். பெரிய வீட்டுக்காரர்களெல்லாம் சோகமாக இருந்தார்கள். அரைப் பென்னி வாசகனுக்குக் கவலையே இல்லை. 1894-ல் அவனுக்கென்று ஒரு ஹோம்ஸ் இருந்தார். ஷெர்லக் ஹோம்ஸை முதன்முதலில் படக்கதைக்குள் கொண்டுவந்தவர் என்று ஜாக்கைத்தான் சொல்கிறார்கள்.

அப்புறம் ‘சின்யோர் மக்காய்’ என்று ஒரு சர்க்கஸ் குதிரை, 1897-ல். மனுஷ புத்தியும் மனுஷ குறும்பும் கொண்ட குதிரை. எஃப்ரைம் பிராட்பீமர் என்று ஒரு கடத்தல்கார, கடற்கொள்ளைக்காரக் கோமாளி. எல்லாம் ஸ்லைகோ சரக்கு, லண்டன் பேக்கிங்.

இந்த வேலையில் என்ன கஷ்டம் என்று வாசகராக உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. எனக்குக் கொஞ்சம் தெரியும். நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த வாரப் பத்திரிகையில், ஜன்னல் ஓரமாக ஓர் ஓவியர் உட்கார்ந்திருப்பார். நாலு மணிக்குப் பக்கம் போயாக வேண்டும். எழுத்தாளரிடமிருந்து கதை பாதிதான் வந்திருக்கும். “தம்பி, கடைசில யாரு சாகறா? அதை மட்டும் சொல்லு, நான் ஆரம்பிச்சிடறேன்” என்பார். யார் சாகிறார்கள் என்று எழுத்தாளருக்கே தெரிந்திருக்காது. அவர் கவலைப்படாமல், முதுகைக் காட்டிக்கொண்டு ஓர் ஆள் விழுந்து கிடப்பது மாதிரி வரைந்துவிடுவார். ஆணா பெண்ணா, சொல்ல முடியாது. வியாழக்கிழமை கடைக்குப் போன பத்திரிகை, அடுத்த வியாழக்கிழமை பழைய பேப்பர். வெள்ளிக்கிழமை வேறு கதை, வேறு பிணம். வாரப் பத்திரிகையில் ‘சுரண்டிவிட்டு நாளைக்கு வரைகிறேன்’ என்பது நடக்காது.

ஜாக்கின் அப்பாவைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். படத்தை முடிக்கவே தெரியாதவர். அவருடைய கடைசிப் பிள்ளை, வாரா வாரம் முடித்துக் கொடுத்தே தீர வேண்டிய வேலையைத் தேடிப் போய்ப் பிடித்துக்கொண்டான். இருபத்து நாலு வருஷம் விடவில்லை. மற்ற யேட்ஸ்களின் வாழ்க்கை வரலாறுகளில் கடன், வாடகை பாக்கி, கைமாற்று என்று பக்கத்துக்குப் பக்கம் வரும். ஜாக்கின் கதையில் அது குறைவு. 1894-ல் கூடப் படித்த காட்டி என்கிற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். 1897-ல் லண்டனை விட்டு டெவன் பக்கம் ஒரு கிராமத்தில் ஓடைக்கரை வீடு. ‘நத்தைக் கோட்டை’ என்று பெயர் வைத்தார்கள். அரைப் பென்னி, அரைப் பென்னியாகச் சேர்ந்த கோட்டை.

இன்னொரு சேதி. ஹார்ம்ஸ்வொர்த்தின் பத்திரிகைக் கூட்டம் பிற்பாடு அமால்கமேட்டட் பிரஸ் ஆயிற்று. அது கைமாறி 1959-ல் ஃப்ளீட்வே ஆயிற்று. ஃப்ளீட்வேயின் ‘வேலியன்ட்’ இதழில் 1962-ல் ஒரு ஹீரோ வந்தான். வலது கை இரும்பு, கரன்ட்டில் கை வைத்தால் உடம்பு மறைந்துவிடும். 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவிதான் அது. என் அண்ணன் தலைமுறையும் என் தலைமுறையும் கணக்கு நோட்டுக்குள் ஒளித்து வைத்துப் படித்த மாயாவியும், ஜாக் யேட்ஸின் சப்லாக் ஹோம்ஸும் ஒரே கம்பெனியின் கொள்ளுத் தாத்தா, கொள்ளுப் பேரன். எனக்கு இதில் ஓர் அற்ப சந்தோஷம்.

நத்தைக் கோட்டைக்கு வருவோம். காமிக்ஸ் காசு வயிற்றைப் பார்த்துக்கொண்டது. மீதி நேரத்தில் ஜாக் என்ன செய்தார்? அட்டையை வெட்டிக் குட்டி நாடக மேடை செய்தார். கடற்கொள்ளைக்காரர் நாடகம் எழுதி, அட்டை பொம்மைகளை நகர்த்தி, ஊர்க் குழந்தைகளுக்கு நடத்திக் காட்டினார். பொம்மைக் கப்பல் செய்து ஓடையில் விட்டார். கூட விளையாடியவர், பிற்பாடு இங்கிலாந்தின் அரசவைக் கவிஞரான ஜான் மேஸ்ஃபீல்டு. ரெண்டு பெரிய மனுஷர்கள் ஓடையில் கப்பல் விடுகிறார்கள். அதையும் வீணாக்காமல் சின்னச் சின்னப் புத்தகங்களாக்கினார். லண்டனில் எல்கின் மேத்யூஸ் என்ற சிறு பதிப்பாளர் வெளியிட்டார்.

அதே மேத்யூஸ் மூலம், 1902-லும் 1903-லும் மாதம் ஒரு தாள். பெயரே ‘எ பிராட்ஷீட்’தான். ஒரு பெரிய தாளில் படமும் பாட்டும், கையால் வண்ணம் பூசி. இருபத்து நாலு இதழ் வந்தது. முதல் வருஷம் கூட்டாளி பமேலா கோல்மன் ஸ்மித் என்ற பெண். அவரை உங்களுக்குத் தெரியும். தெரியாது என்கிறீர்களா? டாரட் சீட்டு பார்த்திருக்கிறீர்களா? உலகம் பூரா விற்கிற அந்த ரைடர் சீட்டுக் கட்டுப் படங்களை 1909-ல் வரைந்தவர் அவர்தான். வேலை பெரிசு, காசு ரொம்பக் கொஞ்சம் என்று நண்பருக்கு எழுதியிருக்கிறார். ராயல்டி என்ற பேச்சே கிடையாது. இன்று வரைக்கும் அந்தக் கட்டு எத்தனை லட்சம் விற்றிருக்கும் என்று கணக்குப் போட வேண்டாம், வயிற்றெரிச்சல்தான் மிச்சம்.

இதே சமயம் டப்ளினில் அக்காக்கள் ரெண்டு பேரும் துணிந்து ஒரு காரியம் செய்தார்கள். ஈவ்லின் க்ளீசன் என்ற பெண்மணியோடு சேர்ந்து, 1902-ல், டண்ட்ரம் என்ற இடத்தில் பெண்களுக்கான ஒரு தொழில்கூடம். டன் எமர் என்று பெயர். லில்லிக்கு எம்ப்ராய்டரி. லாலிக்கு அச்சகம். லாலி லண்டனில் பெண்கள் நடத்திய ஓர் அச்சகத்தில் கொஞ்ச நாள் தொழில் கற்றுக்கொண்டு, கையால் இழுத்து அடிக்கிற ஓர் ஆல்பியன் மெஷினை வாங்கிப் போட்டார். எழுத்துக் கோப்பது, மை தடவுவது, அச்சடிப்பது எல்லாமே பெண்கள், பெரும்பாலும் அக்கம்பக்கத்து இளம் பெண்கள். முதல் புத்தகம் 1903-ல், அண்ணன் வில்லியத்தின் கவிதைகள். 1908-ல் க்ளீசனோடு பிரிவினையாகி, கூலா என்று புதுப் பெயர். ‘கூலா பிரஸ்’ என்றால் இன்றைக்கும் பழைய புத்தகம் சேர்ப்பவர்கள் பர்ஸைத் திறப்பார்கள்.

எடிட்டர் அண்ணன். ஓனர் தங்கை. என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். சண்டை. ‘என்னைக் கேட்காமல் எப்படி அச்சடிக்கலாம்?’ என்று அவர். ‘சம்பளம் கொடுக்கிறது யார்?’ என்று இவர். ஜேம்ஸ் ஜாய்ஸ் வேறு ‘யுலிஸிஸ்’ நாவலில் இந்த சகோதரிகளை ஒரு குத்து குத்திவிட்டுப் போனார். அச்சகமானால் எப்போதும் கடனில்தான் ஓடியது. 1914-ல் தாகூரின் ‘தபால் நிலையம்’ நாடகம் ஆங்கிலத்தில் முதலில் புத்தகமானது இந்தக் கை மெஷினில்தான். 400 பிரதி.

இங்கேதான் தம்பி வருகிறார். 1908 ஜூன் மாதத்திலிருந்து கூலாவில் ‘எ பிராட்சைடு’ என்று ஒரு மாத இதழ். இதழ் என்றால் மடித்த ஒரு தாள், நாலு பக்கம். பழைய தெருப்பாட்டு, புதுப் பாட்டு, மாலுமிப் பாட்டு. கூடவே ஜாக்கின் படங்கள். கறுப்புக் கோட்டில் அச்சடித்துவிட்டு, கூலா பெண்கள் உட்கார்ந்து ஒவ்வொரு பிரதிக்கும் பிரஷ்ஷால் வண்ணம் தீட்டினார்கள். மாதம் 300 பிரதி. 1915 மே வரை ஏழு வருஷம், 84 இதழ்கள். ஒரு மாதம்கூடத் தவறவில்லை. அந்த வீட்டில் தவறாமல் வந்தது என்று சொல்லிக்கொள்ள வேறு என்ன இருந்தது, சொல்லுங்கள்.

சந்தா வருஷத்துக்கு 12 ஷில்லிங், தபால் செலவு உட்பட. கால்குலேட்டரை எடுக்க வேண்டாம், நான் போட்டுவிட்டேன். 300 சந்தாவும் முழுசாக வந்தால் 3,600 ஷில்லிங், 180 பவுண்டு. அதில் பேப்பர், மை, பிளாக், தபால், வண்ணம் தீட்டிய பெண்களின் கூலி. ஏழு வருஷத்தில் 25,200 தாள், அத்தனையிலும் கையால் வண்ணம். காஸ்ட் அக்கவுன்டிங் வாத்தியாரிடம் காட்டினால் ‘மூடுங்கய்யா கடையை’ என்பார்.

இப்போது இதையும் பாருங்கள். பிராட்சைடு ஒரு இதழ் ஒரு ஷில்லிங் ஆகிறது. ஒரு ஷில்லிங்குக்கு 24 காமிக் கட்ஸ். அதே கை, அதே கடற்கொள்ளைக்காரன், அதே குதிரை, அதே சர்க்கஸ் கோமாளி. ஒன்று லட்சக்கணக்கில் அச்சாகி, மீன் கட்டப் போய்விட்டது. இன்னொன்று 300 அச்சாகி, டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. ரெண்டையும் அவர் ஒரே சமயத்தில் வரைந்துகொண்டிருந்தார் என்பதுதான் விஷயம். முந்நூறு பேருக்கு வரைகிற நிம்மதிக்கு, லட்சம் பேருக்கு வரைகிற சம்பளம் காவல் நின்றது. நம்முடைய பெரிய ஆட்கள் பலர் இந்த ரெண்டில் ஒன்றைச் செய்யும்போது மற்றதைத் திட்டுவார்கள். இவர் திட்டியதாகத் தெரியவில்லை.

காசு விஷயத்தில் ஆள் கெட்டி என்பதற்கு எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு சாட்சி இருக்கிறது. 1905-ல் ‘மான்செஸ்டர் கார்டியன்’ பத்திரிகை, அயர்லாந்தின் மேற்கில் வறுமையில் கிடந்த கன்னமாரா, மேயோ பகுதிகளைப் பற்றி எழுத ஒரு நாடக ஆசிரியரை அனுப்பியது. பெயர் ஜான் மில்லிங்டன் சிங். (நம் சர்தார்ஜி சிங் இல்லை, உச்சரிப்பு மட்டும்தான் அது.) படம் போட ஜாக். ரெண்டு பேரும் குதிரை வண்டியில் சுற்றினார்கள். கடற்பாசி எரிக்கிறவர்கள், படகுக்காரர்கள், நிவாரண வேலையில் கல் சுமக்கிறவர்கள். மழையில் நனைந்து 12 கட்டுரை எழுதினார் சிங். ஊருக்குத் திரும்பியதும் நண்பருக்கு ஒரு கடிதம். என்ன புலம்பல் தெரியுமா? வேலை எனக்குத்தான் ஜாஸ்தி, ஆனால் ஜாக் விவரமாகப் பேரம் பேசி என்னைவிட அதிகமாக வாங்கிவிட்டார் என்று! உலக இலக்கியத்தில் எழுத்தாளரைவிட ஓவியருக்கு அதிகமாகக் கொடுத்த அபூர்வ சம்பவம் இது. ஜன்னல் ஓரத்து ஓவியரிடம் இதைச் சொல்லியிருந்தால் டீ வாங்கிக் கொடுத்திருப்பார்.

அந்தச் சிநேகம் முறியவில்லை. 1907-ல் சிங்கின் ‘அரன் தீவுகள்’ புத்தகத்துக்கு ஜாக்தான் 12 படம் போட்டார். ரெண்டே வருஷத்தில், 37 வயசில், சிங் செத்துப்போனார்.

1910-ல் ஜாக் நத்தைக் கோட்டையைக் காலி செய்துகொண்டு அயர்லாந்துக்கே வந்துவிட்டார். எண்ணெய் வண்ணத்தில் கை வைத்தார். கொஞ்சம் கொஞ்சமாக ‘ஓவியர் யேட்ஸ்’ ஆனார். 1915 வாக்கில் மனசு உடைந்து ரொம்ப நாள் படுத்துவிட்டார். 1917-ல் டப்ளின் நகரத்துக்குள்ளேயே குடிவந்தார். அந்த வருஷத்தோடு காமிக்ஸும் நின்றது.

நின்றது மட்டும் இல்லை, பேச்சும் நின்றது. பெரிய ஓவியர் ஆன பிறகு சப்லாக் ஹோம்ஸைப் பற்றியோ சர்க்கஸ் குதிரையைப் பற்றியோ அவர் வாய் திறந்ததாக இல்லை. இன்னும் ஒரு விசேஷம். 1910-லிருந்து லண்டன் ‘பஞ்ச்’ பத்திரிகையில் ‘டபிள்யூ. பேர்டு’ என்ற பெயரில் ஒருவர் கார்ட்டூன் போட்டுக்கொண்டிருந்தார். பேர்டு என்றால் பறவை. ஒலிம்பிக் மெடல் வாங்கியபோதும் பறவை வரைந்துகொண்டிருந்தது. 1936-ல், வெறும் இளைஞராக இருந்த சாமுவேல் பெக்கெட், கையில் காசில்லாமல் தவணை முறையில் யேட்ஸின் ஓவியம் ஒன்றை வாங்கிக்கொண்டு போனபோதும் வரைந்துகொண்டிருந்தது. பறவை யார் என்று ஜாக் ஊருக்குச் சொல்லவில்லை.

ஏன்? வெட்கமா? இருக்கலாம். நோபல் பரிசு அண்ணன், ராயல் ஹைபர்னியன் அகாடமி உறுப்பினர் பதவி, புது தேசம், தேசிய ஓவியர் என்று பட்டம். அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு, ‘நான்தான் அந்தத் துப்பறியும் நாயை வரைந்தது’ என்று சொல்ல நிறைய தைரியம் வேண்டும். எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. தான் வரைவதை யாரும் பார்க்க அனுமதிக்காத ஆள் அவர். சிஷ்யன் என்று ஒருவரையும் சேர்த்துக்கொண்டதில்லை. சுபாவமே பூட்டுதான். சப் பூட்டு.

ஆனால் கை பொய் சொல்லாது. ‘லிஃபி நீச்சல்’ படத்தை நெட்டில் தேடிப் பாருங்கள். ஒரிஜினல் டப்ளின் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. மெடலுக்கு வரைகிற ஓவியன் என்ன வரைவான்? நீச்சல் வீரனின் தோளை, நரம்பை, ஜெயித்த முகத்தை. இவர் முக்கால்வாசிப் படத்தைக் கூட்டத்துக்குக் கொடுத்துவிட்டார். அதுவும் முதுகு. எட்டிப் பார்க்கிற கழுத்துகள், தொப்பிகள், ஒருத்தர் மேல் ஒருத்தர் சாய்ந்த தோள்கள். நாமும் அந்தக் கும்பலில் பின்னால் மாட்டிக்கொண்டு, சந்து கிடைக்குமா என்று பார்க்கிறோம். நீந்துகிறவர்கள் தண்ணீரில் நாலு கோடு, அவ்வளவுதான். முதுகை வைத்தே ஆள் யார், மனசு என்ன என்று காட்ட ஒருத்தருக்கு எங்கே பழக்கம் வரும்? மட்டமான பேப்பரில், தீப்பெட்டி அளவுக் கட்டத்துக்குள், வாரா வாரம் கும்பலை வரைந்த கைக்கு வரும்.

1999-ல் லண்டன் ஏலத்தில் அவருடைய ஓவியம் ஒன்று 12 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. அவருடைய காமிக்ஸ் வேலைகளைப் பற்றி மைக்கேல் கானர்ட்டி எழுதிய முழுப் புத்தகம் வந்தது 2021-ல்தான். அதற்குள் ஜாக் காலமாகி 64 வருஷம். குழந்தைகள் கிடையாது. மனைவி 1947-லேயே போய்விட்டார்.

1953 செப்டம்பரில் ‘காமிக் கட்ஸ்’ பத்திரிகையை மூடினார்கள். 3,006 இதழ்கள் வந்திருந்தன. அதே 1953-ல், டப்ளினில் ஃபிட்ஸ்வில்லியம் சதுக்கத்து வீட்டில், எண்பது தாண்டிய கிழவர் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பெரிய படம் வரைந்தார். பழைய அரபுக் கதை ஒன்று. வறுமையில் தன் குதிரையை விற்றுவிட்டு, கையில் காசை வைத்துக்கொண்டு, அதைப் பிரிய முடியாமல் நிற்கிறவனைப் பற்றியது. படத்துக்கு அவர் வைத்த பெயர், ‘என் அழகே, என் அழகே’.